ஊருக்கே பந்தி வைத்த தாய்

லியா சேஸ் 96 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஒரே உணவகத்தைச் சுற்றிக் கழிந்தன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், ஆர்லியன்ஸ் அவென்யூவும் மிரோ தெருவும் சந்திக்கும் முனையில் அந்த உணவகம் இன்றும் நடக்கிறது. பெயர் டூக்கி சேஸ். 1923 ஜனவரி 6 அன்று பிறந்து 2019 ஜூன் 1 அன்று மறைந்த லியாவை, கிரியோல் சமையலின் ராணி என்று நாடே கொண்டாடியது. அவருக்குப் பிறந்த பிள்ளைகள் நான்கு பேர். அவர் கையால் சாப்பிட்டு அவரைத் தாயாக நினைத்தவர்களுக்குக் கணக்கில்லை.

அவர் பிறந்த தேதியே அந்த ஊரின் நாட்காட்டியில் சிறப்பானது. மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்றுதான் நியூ ஆர்லியன்ஸின் கார்னிவல் பருவம் தொடங்கும். அன்று முதல் தவக்காலம் பிறக்கும் வரை வீடுதோறும் கேக் வெட்டி, கூடி உண்பார்கள். விருந்துக் காலத்தின் முதல் நாளில் பிறந்தவர், வாழ்நாள் முழுவதும் விருந்து வைத்தே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த தடத்தைப் பின்பற்றிப் போகும் பயணம், பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூரில் தொடங்கி நகரத்தின் நடுவே ஒரு தேவாலய வாசலில் முடிகிறது.

மேடிசன்வில்

பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரியின் வடகரையில், செஃபங்க்டே ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது மேடிசன்வில். ஆற்றோரம் சைப்ரஸ் மரங்கள் வேர்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. ஓக் மரக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடைசடையாகத் தொங்குகிறது. கரையெங்கும் படகுகள். முன்பு இங்கே மரக்கப்பல் கட்டும் துறை இருந்தது. லியாவின் தந்தை சார்ல்ஸ் லாங் அந்தத் துறையில் உழைத்தவர். தாய் ஹார்ட்டென்சியா. பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ள அந்த வீட்டில் மூத்தவர்களுள் ஒருவர் லியா.

பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது லியாவுக்கு ஆறு வயது. குடும்பம் தன் நிலத்தில் விளைந்ததைக் கொண்டே பிழைத்தது. வெண்டை, பட்டாணி, கீரை எல்லாம் வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்தன. மாவும் அரிசியும் வந்த சாக்குத் துணி பிள்ளைகளுக்கு உடுப்பானது. தந்தை வழி உறவினர்களுக்கு ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் இருந்தது. விளையும் காலத்தில் பிள்ளைகள் எல்லாரும் பழம் பறிக்கப் போனார்கள். எந்தக் கீரை எந்த மாதத்தில் துளிர்க்கும், பழம் எந்த நிறத்துக்கு வந்தால் பறிக்கலாம் என்பதெல்லாம் சிறுமிக்குக் கைவந்தது இந்த மண்ணில்தான். பிற்காலத்தில் பெரிய சமையற்கலைஞர்கள் அவரிடம் கற்க வந்தபோது, தம் கல்வியாக அவர் சொன்னது இந்தத் தோட்டத்தைத்தான்.

லாங் குடும்பம் கத்தோலிக்கக் கிரியோல் குடும்பம். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வேர்கள் பின்னிய சமூகம் அது. மகளைக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்க வைக்கப் பெற்றோர் விரும்பினார்கள். ஆனால் மேடிசன்வில்லில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பள்ளி இல்லை. எனவே லியா ஏரியைக் கடந்து நியூ ஆர்லியன்ஸில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரி

இன்று வடகரையிலிருந்து நகரத்துக்குப் போகிறவர்கள் ஏரியின் மேல் போடப்பட்ட பாலத்தில் செல்கிறார்கள். 1956இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர். பாதித் தூரம் போனதும் முன்னும் பின்னும் கரை மறைந்துவிடும். நாலாபுறமும் தண்ணீரும் வானமும் மட்டுமே தெரியும். லியா சிறுமியாகப் போனபோது இந்தப் பாலம் கிடையாது.

பெயருக்கு ஏரி என்றாலும் இது கடலோடு தொடர்புடைய உப்பங்கழி. இதன் நண்டும் இறாலும் நகரத்தின் சமையலுக்கு உயிர். கோடையில் கரையோரம் நண்டு வலை போட்டுக் காத்திருக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். பாட்டி வலையின் கயிற்றைப் பிடித்திருப்பார், பேரன் வாளியோடு நிற்பான். ஏரி ஒருபுறம், மிசிசிப்பி ஆறு மறுபுறம், நடுவே கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த கிண்ணம் போன்ற நிலத்தில் நகரம். நீர் அள்ளிக் கொடுத்த ஊர் இது. 2005இல் நீரே அதை மூழ்கடித்தது.

பிரெஞ்சு குவார்ட்டர்

1718இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த நகரத்தின் பழைய பகுதி இது. இடையில் ஸ்பெயினின் ஆட்சிக்குப் போய், 1803இல் லூசியானாவோடு சேர்த்து அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. 1788இலும் 1794இலும் பெருந்தீ பரவி பழைய வீடுகளை அழித்ததால், பிரெஞ்சுப் பெயர் கொண்ட தெருக்களில் ஸ்பானியக் காலத்து முற்றங்களே அதிகம். இரும்புப் பின்னல் வேலை செய்த மேல்மாடங்களில் பெரணிச் செடிகள் தொங்குகின்றன. தெருமுனைகளில் ட்ரம்பெட்டும் டியூபாவும் ஒலிக்கின்றன. முன்பின் தெரியாதவரையும் கடைக்காரர்கள் “பேபி” என்று வாஞ்சையாகக் கூப்பிடுகிறார்கள். காபியில் சிக்கரி கலந்து, சூடான பாலை அதே அளவு ஊற்றிக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். அமெரிக்காவின் மற்ற ஊர்களில் நீர்த்த காபி குடித்து அலுத்த தமிழர்களுக்கு, இங்கே முதல் வாயிலேயே கும்பகோணம் நினைவு வரும்.

இந்தப் பகுதியில் உள்ள பேராலயத்தின் பின்புறம் ஆர்லியன்ஸ் தெருவில் இப்போது ஒரு விடுதி இருக்கிறது. அந்த வளாகத்தில்தான் லியா படித்த செயின்ட் மேரீஸ் அகாடமி அப்போது நடந்தது. அதை நடத்தியவர்கள் திருக்குடும்பச் சகோதரிகள். 1842இல் ஹென்ரியட் டெலீல் என்ற கறுப்பினப் பெண்மணி நிறுவிய துறவற சபை அது. வசதியில்லாத குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் ஒழுங்கும் தன்மதிப்பும் கற்றுக்கொடுத்த சகோதரிகளை லியா கடைசிவரை மறக்கவில்லை.

படிப்பு முடிந்த பின் அதே தெருக்களில் வேலைக்கு வந்தார். கறுப்பினப் பெண்கள் பலர் தையல் தொழிற்சாலைகளுக்குப் போன காலம் அது. லியா பிரெஞ்சு குவார்ட்டரில் இருந்த கொலோனியல் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். உணவகத் தொழில் மேல் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான். வெள்ளைத் துணி விரித்த மேசை, வரிசையாக அடுக்கிய முள்கரண்டியும் கத்தியும், வந்தவரை வரவேற்று உட்கார வைக்கும் மரியாதை எல்லாவற்றையும் அருகில் நின்று பார்த்தார். ஆனால் அவர் பரிமாறிய நாற்காலிகளில் அவர் இனத்தவர் உட்கார முடியாது. உணவைச் சமைக்கலாம், தட்டை ஏந்தி வரலாம், மேசையைத் துடைக்கலாம், உட்கார்ந்து உண்ணக் கூடாது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த தமிழ்நாட்டுக்கு இந்தக் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

இடையே இரண்டு குத்துச்சண்டை வீரர்களுக்கு மேலாளராகவும் இருந்தார் அந்த இளம்பெண். வந்த வேலையைத் துணிந்து எடுத்துச் செய்வது அவர் இயல்பு.

ட்ரெமே

பிரெஞ்சு குவார்ட்டரிலிருந்து ராம்பார்ட் தெருவைக் கடந்தால் ட்ரெமே. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. அடிமைமுறை நிலவிய காலத்திலேயே இங்கே விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சொந்த வீடு கட்டி வாழ்ந்தார்கள். வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்க்கோட்டில் அறைகள் அமைந்த குறுகிய மர வீடுகள் மஞ்சள், நீலம், ஊதா வண்ணங்களில் வரிசை கட்டி நிற்கின்றன. மாலையில் திண்ணை போன்ற முன்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் நலம் விசாரிப்பது வழக்கம். பதில் சொல்லாமல் கடந்து போவது மரியாதையாகாது.

ட்ரெமேயின் எல்லையில் இருக்கும் காங்கோ சதுக்கத்தில், அக்காலத்தில் ஞாயிறுதோறும் அடிமைகள் கூடி முரசு கொட்டி ஆடினார்கள். தங்களுக்குள் சிறு சந்தையும் நடத்தினார்கள். ஜாஸ் இசையின் வேர்களை வரலாற்றாளர்கள் அங்கே தேடுகிறார்கள்.

இந்த ஊரின் கிரியோல் சமூகத்தைச் சேர்ந்தவர்தான் ஹோமர் பிளெஸ்ஸி. 1892இல் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். அவர் தொடுத்த வழக்கில் 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இன வாரியாகப் பிரித்து வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்றது அந்தத் தீர்ப்பு. ரயில் பெட்டி, பள்ளி, உணவகம், குடிநீர்க் குழாய் என எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்க அதுவே அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டத் துணையாக நின்றது. லியா பரிமாறிய மேசைகளில் அவர் உட்கார முடியாமல் போனதற்கும் பின்னணி அதுவே.

ட்ரெமேயின் நடுவே போகும் கிளேபோர்ன் அவென்யூவில் ஒருகாலத்தில் ஓக் மரங்கள் வரிசையாக நிழல் தந்தன. கறுப்பின வணிகர்களின் கடைவீதி அது. 1966இல் மரங்களை வெட்டி, மேம்பால நெடுஞ்சாலை போட்டார்கள். கடைகள் அழிந்தன. இப்போது பாலத்தின் தூண்களில் அந்த ஓக் மரங்களை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். விழா நாட்களில் மக்கள் அந்தத் தூண்களுக்கு நடுவிலேயே அடுப்பு மூட்டி, கூடிச் சமைத்து ஆடுகிறார்கள்.

ஆர்லியன்ஸ் அவென்யூ: கீழ்த்தளம்

மேம்பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் செங்கல் சுவர் கொண்ட டூக்கி சேஸ் உணவகம். எட்கர் சேஸ், எமிலி தம்பதியர் 1939இல் சாண்ட்விச் கடையாகவும் லாட்டரிச் சீட்டு விற்கும் இடமாகவும் தொடங்கிய தொழில் இது. 1941இல் இந்த முனைக்கு வந்தது. டூக்கி என்பது எட்கரின் செல்லப்பெயர். கறுப்பின மக்களுக்கு வங்கிச் சேவை அரிதாக இருந்த காலம் அது. வெள்ளிக்கிழமை கூலிக் காசோலையோடு வந்தவர்களுக்கு இந்தக் கடையில் பணம் கிடைத்தது. காசோலையை மாற்றி, ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் மகன், இரண்டாம் எட்கர், ட்ரம்பெட் வாசிப்பவர். சொந்த இசைக்குழு நடத்தியவர். லியா 1946இல் அவரை மணந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் உணவகத்தில் இறங்கினார். பிரெஞ்சு குவார்ட்டரில் தாம் பார்த்த மரியாதை அனைத்தும் தம் மக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். வெள்ளைத் துணி விரித்தார், நல்ல தட்டும் கரண்டியும் வாங்கினார். கறுப்பினக் குடும்பம் பிறந்தநாளுக்கோ பட்டமளிப்புக்கோ திருமண நாளுக்கோ உடுத்திக்கொண்டு போய் உட்கார இந்த நகரத்தில் ஓர் இடம் உருவானது.

தொடக்கத்தில் வெள்ளையர் உணவகங்களில் பார்த்தபடி பாலாடைச் சாற்றில் சமைத்த சிங்கி இறாலைப் பட்டியலில் சேர்த்தார். வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனவே வீட்டில் தாமும் அவர்களும் சாப்பிட்டு வளர்ந்த கிரியோல் உணவையே அந்த அழகான மேசைக்குக் கொண்டுவந்தார். கம்போ, பொரித்த கோழி, அடைத்துச் சமைத்த இறால், சிவப்புக் காராமணி போன்ற பீன்ஸோடு சோறு ஆகியவை வெள்ளைத் துணி மேல் ஏறின. வீட்டுச் சாப்பாடு விருந்துச் சாப்பாடானது. லியா செய்த பெரிய மாற்றங்களில் இதுவே முதலாவது.

இங்கே வரும் கம்போ, கரும்பழுப்பு நிறத்தில், சோற்றைச் சுற்றிக் கெட்டியான குழம்பாக நிற்கும். எண்ணெயில் மாவை இட்டு, அடிபிடிக்காமல் கிளறி, பழுப்பேறும் வரை வறுப்பது முதல் வேலை. அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதங்கும். பின் நண்டு, இறால், கோழி, புகையூட்டிய பன்றி இறைச்சி, இரண்டு வகைச் சாசேஜ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். கடைசியில் சாசஃப்ராஸ் மரத்தின் உலர்ந்த இலைத் தூளைத் தூவினால் குழம்பு இறுகி மணம் பிடிக்கும். அந்தத் தூளைக் கற்றுக்கொடுத்தவர்கள் சாக்டா பழங்குடியினர். மாவு வறுக்கும் முறை பிரெஞ்சுக்காரருடையது. கெட்டிப்படுத்த வெண்டைக்காய் சேர்க்கும் வகையும் உண்டு. அந்த வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக் குழம்புக்கு வந்த வெண்டைக்கும் தாயகம் அதே கண்டம் என்பார்கள். ஒரு கிண்ணம் கம்போவில் மூன்று கண்டங்களின் சமையல் கலந்திருக்கிறது.

திங்கட்கிழமை இந்த ஊரில் பீன்ஸும் சோறும். முன்பு துணி வெளுக்கும் நாள் அது. ஞாயிறு சமைத்த பன்றித் தொடையின் எலும்பைப் பீன்ஸோடு பானையில் போட்டுச் சிறுதீயில் விட்டுவிட்டால், துவைத்து முடிப்பதற்குள் சாப்பாடு தயாராகிவிடும். உழைக்கும் பெண்கள் கண்டுபிடித்த இந்தச் சிக்கனம், இன்று ஊரின் அடையாளம்.

ஆர்லியன்ஸ் அவென்யூ: மாடி அறை

கீழே சாப்பிடும் கூடத்தின் மேல் ஓர் அறை இருந்தது. 1950களிலும் 1960களிலும் குடிமை உரிமைப் போராட்டத்தின் திட்டங்கள் பல அங்கே உருவாயின. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது அப்போது லூசியானாவில் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடை இருக்கும்போதே இந்த மாடியில் இரு இனத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினார்கள். கிரியோல் வழக்கறிஞர் ஏ. பி. டூரோ பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்து வழக்காடியவர். பின்னாளில் நகரத்தின் முதல் கறுப்பின மேயரானவர் எர்னஸ்ட் மோரியல். இருவரும் இங்கே வாடிக்கையாளர்கள். வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கும் இங்கே வந்திருக்கிறார்கள்.

1960இல் கேனால் தெருவில் இருந்த கடைகளின் உணவு மேடைகளில் இளைஞர்கள் உட்கார்ந்து போராடினார்கள். ரூடி லம்பார்ட், ஒரீத்தா காஸில் போன்றோர் கைதாயினர். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1963இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 1961இல் பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்து வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட ‘ஃப்ரீடம் ரைடர்ஸ்’ பயணிகள் சேர வேண்டிய ஊரும் நியூ ஆர்லியன்ஸே. அடியும் சிறையும் தெரிந்தே புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

லியாவின் தலைமுறையினர் நீதிமன்றத்தின் வழியாக உரிமை பெறலாம் என்று நம்பியவர்கள். தெருவில் இறங்கி அடிபடும் முறை அவர்களுக்குப் பழக்கமில்லாதது. பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆனாலும் சாப்பாடு மறுக்கவில்லை. போராட்டத்துக்குப் போகுமுன் கம்போவும் பொரித்த கோழியும் பரிமாறினார். சிறையிலிருந்து திரும்பி வந்ததும் மறுபடி அடுப்பு எரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவது தாய்மாரின் வழக்கம். அந்த வழக்கத்தை ஓர் இயக்கத்துக்கே அவர் நீட்டித்தார்.

மாடியில் நடப்பது காவல்துறைக்குத் தெரியாததல்ல. ஊரே மதிக்கும் இடத்தில் நுழைந்து கைது செய்தால் கொந்தளிப்பு வரும் என்பதால் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்கள். மிரட்டல்கள் வந்தன. ஒருமுறை குண்டும் வீசப்பட்டது. உணவகம் மூடவில்லை. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறி, பொது உணவகங்களில் இனப்பிரிவினை சட்டவிரோதமானது. அதற்கு முன்பே அந்தச் சட்டம் கேட்ட மேசையை லியா விரித்து வைத்திருந்தார்.

விருந்தோம்பலை மென்மையான குணமாகவே பேசுவது வழக்கம். இந்த மாடியின் வரலாறு அதன் உறுதியைக் காட்டுகிறது. யாரை உட்கார வைப்பது, யாரோடு உட்கார வைப்பது என்பதை அரசு தீர்மானித்த ஊரில், அந்த முடிவைத் தம் கையில் எடுத்துக்கொண்ட இல்லத்தரசி அவர்.

ஆர்லியன்ஸ் அவென்யூ: சமையலறை

பெரிய வியாழன் அன்று இந்த உணவகத்தில் ஒரு தனிக் கம்போ கிடைக்கும். கம்போ ஸெர்ப் என்ற கீரைக் கம்போ. மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை ஒறுத்தல் நாள். அதற்கு முன் வயிறார உண்ணும் உணவு இது. கடுகுக்கீரை, காலர்ட், டர்னிப் தழை, பீட்ரூட் தழை, கேரட் தழை, முட்டைக்கோஸ், பாலக், லெட்யூஸ், வாட்டர்கிரெஸ் என ஒன்பது வகை சேரும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. இரட்டைப்படையானால் நல்லதில்லை என்று நம்புவார்கள். எத்தனை கீரை சேர்கிறதோ அத்தனை புதிய நண்பர்கள் அந்த ஆண்டில் கிடைப்பார்கள் என்பதும் நம்பிக்கை.

வேலை பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். மண் போகும்வரை கீரைகளைப் பலமுறை அலசுவார்கள். தண்டு கிள்ளி, பெரிய பானைகளில் ஒன்றாக வேக வைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கீரையை நைய அரைத்து, சாசேஜ், பன்றி இறைச்சி, மாட்டு மார்புக் கறி ஆகியவற்றோடு சேர்த்து, எடுத்து வைத்த நீரையே ஊற்றிக் கொதிக்க விடுவார்கள். அடர்பச்சையாக, சற்றே கசப்பும் காரமும் புகைமணமும் கொண்ட அந்தக் குழம்பைச் சோற்றோடு பொரித்த கோழியையும் வைத்துத் தருவார்கள். அன்று கூடம் நிரம்பி வழியும். நீதிபதிகளும் இசைக்கலைஞர்களும் பாதிரியார்களும் பக்கத்துத் தெருக் குடும்பங்களும் அருகருகே உட்கார்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மேசைக்கு வரும் குடும்பங்கள் உண்டு.

லியா தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் இந்த அடுப்படிக்கு வந்தார். வீடு பக்கத்திலேயே. நடக்க உதவும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, உட்கார்ந்தபடி காய் நறுக்கினார், உப்புப் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய் ஒவ்வொரு மேசையாக விசாரித்தார். 2008இல் அதிபர் வேட்பாளராக வந்த பராக் ஒபாமா, கம்போவை ருசி பார்க்கும் முன்பே அதில் காரச் சாற்றை ஊற்றப் போனார். லியா அவரைக் கண்டித்துவிட்டார். சமைத்தவர் சரியாக உப்புக் காரம் போட்டிருக்கும்போது அதை மாற்றுவது தகாது என்பது அவர் கட்சி. அதிபர் பதவியில் இருந்தபோது ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வந்து சாப்பிட்டதும் இதே கூடத்தில்தான். வந்தவர் எந்தக் கட்சி என்று அவர் பார்க்கவில்லை. பசியோடு வந்தவர் விருந்தாளி.

ஆர்லியன்ஸ் அவென்யூ: சுவர்கள்

சாப்பிட உட்கார்ந்தவர் கண் முதலில் போவது சுவர்களுக்கு. ஜேக்கப் லாரன்ஸ், எலிசபெத் கேட்லெட், ஜான் பிகர்ஸ் போன்ற ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர்களின் படைப்புகள் சுவரெங்கும் இருக்கின்றன. கறுப்பின ஓவியர்களுக்குக் காட்சிக்கூடங்கள் கதவடைத்த காலத்தில், லியா அவர்கள் படைப்புகளை வாங்கித் தம் உணவகத்தில் மாட்டினார். இனப்பிரிவினைக் காலத்தில் வளர்ந்ததால் ஐம்பது வயதைத் தாண்டிய பின்தான் அவர் முதன்முறையாக ஓர் அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்தார். பின்னர் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவிலேயே இடம்பெற்றார். அருங்காட்சியகத்துக்குப் போகாத தொழிலாளியும் அவர் பிள்ளையும், கோழித் துண்டைக் கடித்துக்கொண்டே நல்ல ஓவியத்தைப் பார்த்தார்கள். அழகு யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்ற அவர் நம்பிக்கை, மேசைத் துணியில் தொடங்கிச் சுவர் வரை நீண்டது.

பின்னாளில் அவரே ஓவியமானார். குஸ்தாவ் பிளாஷ் என்ற ஓவியர் அவரைச் சமையலறையில் வேலை செய்யும் கோலத்தில் வரிசையாகத் தீட்டினார். அவர் பூசணி வகைக் காய் ஒன்றை நறுக்கும் ஓவியம் வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. கிரீடமோ பதக்கமோ இல்லாமல், கத்தியும் காயுமாக ஒரு சமையல்காரப் பெண் நாட்டின் பெரியவர்கள் வரிசையில் இடம்பிடித்தார்.

எதிர்ச்சாரி: வெள்ளத்துக்குப் பின்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையேறியது. நகரத்தைக் காத்த கரைகள் உடைந்தன. ஊரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. உணவகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. பேரன் ஓவியங்களை எடுத்துப் பாதுகாத்தார். 82 வயது லியாவும் கணவரும், அரசு கொடுத்த வண்டி வீட்டில் உணவகத்துக்கு எதிரே குடியேறினார்கள். தினமும் கண்ணெதிரே பாழான கட்டடம். பலர் ஊரைவிட்டே போனார்கள். அவர் போகவில்லை. 2006 பெரிய வியாழனன்று நகரத்தின் மற்ற உணவகக்காரர்கள் கூடி, அவருடைய கீரைக் கம்போவையே விருந்தாக வைத்து, மீட்புக்குப் பணம் திரட்டினார்கள். ஊருக்கு வைத்த பந்திக்கு ஊர் செய்த மொய் அது. 2007இல் உணவகம் மீண்டும் திறந்தது.

எதிர்ச்சாரியில் முன்பு லஃபீட் பொதுக் குடியிருப்பு இருந்தது. செங்கல் கட்டடங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் புயலுக்குப் பின் சிதறின. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழுந்தன. திரும்பி வந்தவர்களுக்கு, மாறாமல் நின்ற அடையாளம் இந்த முனை. ஊர் திரும்பியதும் முதலில் இங்கே வந்து ஒரு கிண்ணம் கம்போ சாப்பிட்டவர்கள் பலர்.

2009இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த ‘இளவரசியும் தவளையும்’ படத்தின் நாயகி டியானா, சொந்த உணவகம் திறக்கக் கனவு காணும் நியூ ஆர்லியன்ஸ் பெண். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் லியா. 2016இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், எழுபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவர் எட்கர் மறைந்தார்.

செயின்ட் பீட்டர் கிளேவர் தேவாலயம்

ட்ரெமேயின் பங்கு தேவாலயங்களில் ஒன்று இது. லியா திருப்பலிக்கு வந்த ஆலயம். நாளை வழிபாட்டோடு தொடங்குவதும், பிறகு அடுப்பு மூட்டுவதும் அவர் வாழ்வின் ஒழுங்கு. 2019 ஜூன் மாதம் அவருடைய இறுதித் திருப்பலி இங்கேதான் நடந்தது. மேயர், ஆயர்கள், சமையற்கலைஞர்கள், இசைக்குழுக்கள், அவரிடம் வேலை பார்த்தவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் பெரியவர்களை வழியனுப்பும் முறையில், பித்தளை வாத்தியக் குழு முன்னே வாசித்துப் போக, பின்னே மக்கள் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடிச் சென்றார்கள். முதலில் மெதுவான துயர இசை, பிறகு வாழ்ந்த வாழ்வைக் கொண்டாடும் துள்ளல் இசை. நிறைவாழ்வு வாழ்ந்தவருக்கு மேளதாளத்தோடு விடை கொடுக்கும் தமிழ்நாட்டு ஊர்களுக்கும் இது புரியும்.

உணவகத்தை இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்துகிறார்கள். பேரன் நான்காம் எட்கர் சேஸ், பாரிஸில் சமையற்கலை பயின்று வந்து பாட்டியின் அடுப்படியை ஏற்றவர். குடும்பத்தின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை கல்விக்கும் கலைக்கும் உதவுகிறது. பெரிய வியாழனன்று கீரைக் கம்போ இன்றும் உண்டு. அன்றைய மேசைகளுக்கு மக்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.

ஸ்ட்ராபெர்ரி பறித்த சிறுமி, உட்கார அனுமதியில்லாத கூடத்தில் பரிமாறிய இளம்பெண், சாண்ட்விச் கடைக்கு வெள்ளைத் துணி விரித்த மருமகள், போராடப் போன பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தாய், வெள்ளத்துக்குப் பின் மீண்டும் அடுப்பு மூட்டிய பாட்டி எனத் தொடர்ந்த வாழ்வு அது. எல்லாக் கட்டத்திலும் லியா சேஸ் செய்த வேலை ஒன்றுதான். நல்ல உணவைச் சமைத்து, அழகாகப் பரிமாறி, யாரும் யாரையும் தள்ளி வைக்காத மேசையில் மக்களை உட்கார வைத்தார். சட்டங்கள் மாறுவதற்கும், பிளவுபட்ட நகரம் ஒன்றாக உண்ணப் பழகுவதற்கும் அந்த மேசைக்குப் பெரும் பங்கு உண்டு.